அழுகியது அடி நாலு அங்குலம்தான்: ஏற்காட்டில் பழைய தேக்கு ஜன்னல்களைச் சரிசெய்த அனுபவம்

ஆடிச் சாரலும் பார்த்தாச்சு, ஐப்பசி மழையும் பார்த்தாச்சு. மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் ஆறிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. இரண்டு மழையையும் தாங்கினால்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன், அதனால் இப்போது எழுதுகிறேன்.

வீடு நாகலூர் போகிற வழியில், காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் தோட்டம் தோட்டமாக எழுந்த வீடுகள் இன்னும் இந்த மலையில் நிறைய நிற்கின்றன. ஆனால் ஓடும் சுவரும் பழசாக இருக்க, ஜன்னல் மட்டும் வெள்ளை பிளாஸ்டிக்காக மாறிவிட்ட வீடுகள்தான் இப்போது அதிகம். எங்கள் வீட்டுக்கும் சேலத்திலிருந்து யூபிவிசி ஆள் வந்து அளவெடுத்துப் போனார். சதுர அடி 750 ரூபாய், மூன்றரைக்கு ஐந்தடி ஜன்னல் ஒன்றுக்கு 13,125. பழைய மரத்தை அவர்களே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. விலைபோகாத மரத்தை யாரும் மலையேறி வந்து இலவசமாகத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

முதலில் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகக் குத்திப் பார்த்தேன். பழைய ஜன்னல் வைத்திருப்பவர்கள் யாரானாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஒரு பைசா செலவு கிடையாது. கீழ்ச்சட்டத்தில் குத்தினால் திருப்புளி முனை அரை அங்குலம் உள்ளே போகிறது, மரம் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிர்கிறது. அங்கிருந்து நாலு அங்குலம் மேலே வந்து பக்கச் சட்டத்தில் குத்தினால் முனை வழுக்குகிறது, கீறல்கூட விழுவதில்லை. ஆறு ஜன்னலிலும் இதே கதைதான். அப்புறம் 1,200 ரூபாய்க்கு ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன், இரண்டு ஊசி வைத்தது. கீழ்ச்சட்டத்தில் 28 சதவீதம், ஒரு சாண் மேலே 14. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால்தான் பூஞ்சை பிடிக்கும். அதாவது ஜன்னல் அழுகவில்லை, ஜன்னலின் பாதம் மட்டும் அழுகியிருக்கிறது. அந்த நாலு அங்குலத்துக்காக ஐந்தடி தேக்கைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மரத்தில் கை வைத்தால் புது மரமும் அழுகும். அதனால் வெயில் நாளில் ஒரு ஆள் மேலிருந்து கண்ணாடி மேல் குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்ற, நான் கீழே குத்தவைத்துப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடியில் இறங்கி, கீழ்ச்சட்டத்தில் வடிந்து, ஜன்னல் திண்டுக்கு வந்தது. வெளியே ஓட வேண்டியது, ஓடவில்லை. எப்போதோ யாரோ திண்டு விரிசலுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு மரத்தைவிட அரை அங்குலம் உயரமாக, பாத்தி கட்டின மாதிரி நின்றது. தண்ணீர் அதற்கும் நிலைக்கும் நடுவில் தேங்கி, பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். நிலையின் கீழ்க்கட்டைக்கு அடியில் வெளிப்பக்கமாக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடுகிறது. வடிகிற தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குப் போய்விடாமல் அந்த இடத்தில் சொட்டிவிட வேண்டும், அதற்காகவே பழைய தச்சர் வெட்டியது. அது முழுக்கப் பெயின்டாலும் சிமெண்டாலும் மூடிக் கிடந்தது. விரலால் தடவினால்தான் காடி என்று ஒன்று இருந்ததே தெரிகிறது.

வேலையை மாசியில், காபி பறிப்பு முடிந்து களம் காலியானதும் ஆரம்பித்தோம். காய்ந்த காலம் வேண்டும், ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் படுக்கப்போட இடமும் வேண்டும். காபிக் குடோன் அதற்குத் தோதாக இருந்தது.

திருகு கழற்றுவதற்கு நிறைய நேரம் போகும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீலில் இருக்கிற இரும்புத் திருகுகளின் தலைப்பள்ளம் பெயின்டில் மூடியிருக்கும். ஹேக்ஸா பிளேடு துண்டால் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, திருப்புளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சம் திருகி அப்புறம் கழற்ற வேண்டும். அதற்கும் அசையாத திருகின் தலையில் சால்டரிங் அயர்னைச் சூடாக வைத்து எடுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. அவசரப்பட்டுத் தலையை வழுக்கவிட்டால் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும், தேக்கும் சேர்ந்து போகும்.

ஒவ்வொரு கதவுக்கும் நம்பர் போட வேண்டும் என்று சாக்பீஸ் எடுத்தபோதுதான் அந்த அடையாளம் கண்ணில் பட்டது. கதவின் மேல் விளிம்பில், பெயின்ட் படாத இடத்தில், உளியால் வெட்டிய மூன்று சின்னக் கோடுகள். நிலையின் மேல்கட்டையிலும் அதே மூன்று கோடு. அடுத்த ஜன்னலில் நாலு. பழைய தச்சர் ஒவ்வொரு கதவையும் அதனதன் நிலைக்கென்று இழைத்துச் சேர்த்திருக்கிறார், மாற்றி மாட்டினால் சேராது. நாங்களும் சாக்பீஸை வைத்துவிட்டு அந்தக் கோட்டுக் கணக்கையே வைத்துக்கொண்டோம்.

பெயின்ட் சுரண்டுவது பற்றி ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட், அதுவும் பழைய வெள்ளை, பச்சை, மஞ்சள் அடுக்குகள், ஈயம் உள்ளவை என்று வைத்துக்கொண்டே கை வைக்க வேண்டும். காய்ந்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டும். காபிச் செடிக்கு அடியில் கொட்டிவிடக் கூடாது. முகத்துக்கு வெறும் துணி போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேலை முடியும் வரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கண்ணாடியைப் பிடித்திருக்கிற பழைய புட்டி கல்லாகிக் கிடந்தது. முதலில் ஹீட் கன் வைத்துப் பார்த்தோம். புட்டி இளகியது, கூடவே ஒரு கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிந்தது. பெயின்ட் புகையும் வந்தது, ஈயம் இருக்கிற பெயின்டில் அந்தச் சூடு நல்லதில்லை. அதை ஓரங்கட்டிவிட்டு, சேலை இஸ்திரிக்கு விற்கிறார்களே கையில் பிடிக்கிற ஸ்டீமர், அதை 2,100 ரூபாய்க்கு வாங்கினோம். புட்டி மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு அதன் மேல் ஆவியை நாலைந்து நிமிடம் காட்டினால் புட்டி ஓரத்தில் தூக்கிக் கொடுக்கிறது, மழுங்கின கத்தியால் பட்டையாக உரித்துவிடலாம். தூசி பறப்பதில்லை, புகை இல்லை, அதற்கப்புறம் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. மரம் ஈரமாகும், அதைக் காயவிட்டால் போதும். மொத்த வேலையிலும் உருப்படியான சாமான் இதுதான்.

கண்ணாடி பற்றி நிறையப் பேருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. பழைய கண்ணாடியில் அலை அலையாகத் தெரிவது, காலப்போக்கில் கண்ணாடி மெதுவாகக் கீழே வழிந்ததால் என்று. அப்படி இல்லை, செய்த விதம் அது. அந்தக் காலத்தில் ஊதிப் பெரிய உருளையாக்கி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவார்கள். அந்த வளைவு கொஞ்சம் மிச்சமிருக்கும், உள்ளே குமிழிகள் ஒரே திசையில் நீண்டிருக்கும். இன்று கடையில் கிடைக்கிற பளிங்கு மாதிரிக் கண்ணாடி, உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது. இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-இல்தான் அதை அறிவித்தது. எங்கள் ஜன்னலில் குமிழி வைத்த கண்ணாடியே பாதிக்கு மேல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் சில்வர் ஓக் மரங்கள் லேசாக நெளியும், நாம் தலையை அசைத்தால் அவையும் அசையும். அதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதுக் கண்ணாடி மாட்ட எனக்கு மனசில்லை. ஒவ்வொன்றையும் எந்தக் கட்டத்தில் இருந்ததென்று எழுதி, செய்தித்தாள் சுற்றி, நிற்க வைத்தே வைத்தோம்.

உடைந்த இடத்துக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி சேராது. சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற காடியின் ஆழம் மூன்று நூல்தான் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), தடிமனான கண்ணாடி வைத்தால் புட்டிக்கு இடமில்லை, எடை கூடிக் கீலும் தொய்யும். கண்ணாடிக் கடைகளில் 4 மில்லிமீட்டரைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். போட்டோவுக்குச் சட்டம் போடுகிற கடையில் 2 மில்லிமீட்டர் இருக்கும், அதுதான் சரியான அளவு. கட்டம் ஒன்று ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு 13 அங்குலம், காடியின் உள்ளளவைவிட எல்லாப் பக்கமும் அரை நூல் குறைத்து வெட்டச் சொன்னேன், கண்ணாடி மரத்தை முட்டக் கூடாது. மலைமேல் கொண்டுவரும்போது படுக்க வைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, சாக்குக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால்தான் வீடு வந்து சேரும்.

இனி மரம். ஆசாரி செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "கீழ மட்டும் ஒட்டுப் போட முடியுமாங்கண்ணா, இல்ல முழுசா மாத்தணுமா?" என்று கேட்டேன். ஒரு கதவை மடியில் சாய்த்து வைத்து, பக்கச் சட்டத்தை இரண்டு இழைப்பு இழைத்தார். கறுத்த பெயின்டுக்கு அடியில் தேன் நிறத்தில் தேக்கு, ரேகைகள் மயிரிழை நெருக்கத்தில், எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. "முழுசா மாத்துறது எனக்குச் சுலபம்ங்க தம்பி. ஆனா இந்த மரம் எங்க போனாலும் கிடைக்காது. அழுகினதை மட்டும் எடுத்துட்டு, இதை இதும்போக்குல விட்டுருவோம்" என்றார்.

ஒட்டு மரத்துக்குப் புதுத் தேக்கு வாங்கவில்லை. சேலத்தில் இடிக்கிற வீடுகளின் கதவு, உத்தரம் விற்கிற பழைய மரக்கடையில் ஒரு உடைந்த நிலைக்கட்டையை எடுத்தோம், கன அடி 3,800. நன்றாக உலர்ந்த மரம், இனிமேல் முறுக்காது. ஒரு ஜன்னலுக்குச் சேதாரம் போக மூன்றில் ஒரு கன அடி ஆகிறது. பழைய கட்டையில் ஆணித் துண்டு ஒளிந்திருக்கும், இழைப்பதற்கு முன் காந்தம் வைத்து ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் உளிவாய் போய்விடும்.

கதவின் கீழ்ச்சட்டத்தை முழுக்க எடுத்தாயிற்று. பொருத்துக்களில் மூங்கில் ஆணிதான் அடித்திருந்தார்கள், பசையே இல்லை, ஆணியைத் தட்டி வெளியேற்றியதும் சட்டம் தானாகக் கழன்று வந்தது. இப்படிக் கழற்ற முடிவதால்தான் ரிப்பேர் செய்ய முடிகிறது. பக்கச் சட்டங்களின் அடியில் அழுகலுக்கு மேல் ஒரு அங்குலம் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி, சாய்வாக ஒட்டுப் போட்டோம். இந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெட்டு உள்பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் தாழ்வாகவும் இறங்க வேண்டும். நாளைக்கு ஒட்டில் விரிசல் விட்டாலும், உள்ளே போன தண்ணீர் வெளியே வடிந்துவிடும். திருப்பி வெட்டினால் ஒட்டே ஒரு கிண்ணமாகிவிடும். ஆசாரி மூலைமட்டத்தைச் சாய்த்து வைத்து ஒரே கோடு போட்டு இரண்டு துண்டையும் அதே கோட்டில் அறுத்தார். சேர்த்து வைத்தபோது நடுவில் தாள் நுழையவில்லை.

பசைக்கு அரால்டைட், சரிக்குச் சரி கலந்தது. டப்பாவில் போட்டிருக்கிற நேரம் சமவெளிக்குச் சரி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மாசி ராத்திரிக் குளிரில் அது இறுக இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. கிளாம்பை ஒரு முழு நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். கீழ்ச்சட்டத்துப் பொருத்துக்களுக்குப் பசை போடவில்லை. பழையபடி மூங்கில் ஆணிதான், அடுத்த முறை யாராவது கழற்ற வேண்டியிருக்கும். புதுத் துண்டுகளின் உள்பக்கத்தில் வருஷத்தை உளியால் செதுக்கி வைத்தோம், எது பழசு எது புதுசு என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

புட்டி. கடையில் டப்பாவில் விற்கிற சுவர்ப் புட்டி இதற்கு உதவாது. ஒரு கிலோ சாக் பவுடருக்குச் சுமார் 180 மில்லி லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைய வேண்டும், கையில் ஒட்டாத பதம். எண்ணெய் 'பாயில்டு' என்று போட்டதாக இருக்க வேண்டும். பச்சை எண்ணெயில் பிசைந்த முதல் கலவை பல நாள் ஆகியும் விரலில் ஒட்டியது, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். பிசைந்ததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் இன்னும் இணக்கமாக இருக்கும். ஒரு ஜன்னலில் பதினாறு கட்டம், இரண்டு கிலோ பிடிக்கும்.

வைப்பதற்கு முன் காடிக்கு எண்ணெய் பூசிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்த மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சி, புட்டி வெடித்துவிடும். காடியில் மெல்லிய படுக்கை வைத்து, அதன் மேல் கண்ணாடியை ஓரத்தில் மட்டும் அழுத்தி உட்கார வைத்து, தலை நறுக்கிய அரை அங்குல ஆணியை ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, அப்புறம் முன்பக்கப் புட்டியைக் கத்தியால் ஒரே இழுப்பாகச் சாய்வாக இழுக்க வேண்டும். ஆணி அடிக்கச் சுத்தியல் வேண்டாம், உளியின் பக்கவாட்டைக் கண்ணாடி மேலேயே சறுக்கி அடித்தால் உடையாது. கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, சாக் பவுடர் தூவித் துடைத்தால் போய்விடும்.

இந்த எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், கசங்கிய துணிக் குவியல் தானாகவே தீப்பிடிக்கும். காபிச் சாக்கு அடுக்கிய குடோனில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துப் போட்டோம், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைத்தோம்.

புட்டிமேல் தோல் கட்ட இரண்டு வாரம். அதற்குள் ஜன்னலில் மாட்டினால் குரங்கு விடாது. புது எண்ணெய் வாசத்துக்கு வந்து புட்டியை நகத்தால் தோண்டுகின்றன, ஒரு கதவில் பார்த்துவிட்டோம். அதனால் கதவுகள் குடோனுக்குள்ளேயே படுத்திருந்தன, நிலைகளில் தற்காலிகமாகப் பிளைவுட் அடித்து மூடினோம். காபியைப் பூக்க வைக்கிற பூ மழை சீக்கிரம் வந்துவிட்டது, மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

பெயின்ட் ஒரு ப்ரைமர், இரண்டு எனாமல். புட்டியிலிருந்து கண்ணாடி மேல் ஒரு கோடு, 2 மில்லிமீட்டர், ஏறியிருக்க வேண்டும், அதுதான் தண்ணீரை அடைக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று பெயின்டர்கள் அதைப் பிளேடால் சுரண்டிவிடுவார்கள், விடாதீர்கள். இன்னொரு இடம், கதவின் அடி விளிம்பு. நான் கழற்றிய பன்னிரண்டு கதவிலும் அடி விளிம்பில் ஒரு கோட்டு பெயின்ட்கூட இல்லை. மாட்டியபடியே பெயின்ட் அடித்தால் அங்கே பிரஷ் எட்டாது. பக்கச் சட்டத்தின் வெட்டுவாய் அங்கேதான் திறந்திருக்கிறது, தண்ணீரை உறிஞ்சுவதும் அதுதான். இத்தனை காலமும் முகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே பாதத்தை அழுகவிட்டிருக்கிறார்கள். அந்த விளிம்புக்கு மட்டும் எண்ணெய் குடிக்கிற வரை விட்டு, மேலே மூன்று கோட்டு அடித்தோம்.

திண்டுச் சிமெண்டை உளி வைத்து மெதுவாக உடைத்தெடுத்தோம், அடியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உறுதியாக இருந்தது. அதே சுண்ணாம்பில்தான் திரும்பப் பூசினோம். கல் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மணல். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்தோம், கடுக்காய் நம் மலைச் சந்தையிலேயே கிடைக்கும். நிலையின் அடிக்கட்டைக்கு மூன்று நூல் கீழே நிறுத்தி, வெளிப்பக்கம் அடிக்கு ஒன்றரை அங்குலம் சாய்வு கொடுத்து, ஈரச்சாக்குப் போட்டு ஒரு வாரம் காத்தோம். மூடிக் கிடந்த காடியை ஆசாரி பழைய அளவுக்கே திறந்துவிட்டார். மறுபடி குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், காடிக்கு வந்ததும் வரிசையாகச் சொட்டி விழுந்தது.

ஒரு ஜன்னலுக்கு ஆன செலவு: மரம் 1,250, புட்டிச் சாமான் 150, மூன்று கண்ணாடி 150, அரால்டைட் 350, பித்தளைத் திருகும் இரண்டு கீலும் 450, பெயின்ட் 900, ஆசாரி கூலி 6,500. மொத்தம் 9,750. சுண்ணாம்பு வேலையும் ஸ்டீமரும் தனி. புட்டி, பெயின்ட், சுரண்டல் எல்லாம் நாங்களே செய்தது, அதற்கும் கூலி போட்டால் யூபிவிசி விலையைத் தாண்டும், மறைப்பதற்கில்லை. ஆனால் இதில் கீழ்ச்சட்டம் திரும்ப அழுகினால் கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றலாம்.

கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் வருகிற மாசிக்கு. அப்போது இரண்டு விஷயம் மாற்றுவேன். திண்டு வேலையை முதலில், மரத்தைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுவேன், சுண்ணாம்பு காய்கிற நேரத்தில் கதவுகள் குடோனில் இருக்கும், பிளைவுட் ஒரு தடவை அடித்தால் போதும். சுண்ணாம்பை இப்போதே, கார்த்திகையிலேயே, நீற்றித் தொட்டியில் போட்டு வைத்துவிட்டேன். இன்னொன்று, முன்பக்கப் புட்டியை உள்பக்கச் சட்டத்தின் கோட்டுக்கு ஒரு அரை நூல் உள்ளே நிறுத்துவேன். இந்த முறை சில கட்டங்களில் உள்ளிருந்து பார்த்தால் புட்டி வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது, தண்ணீருக்குப் பாதகமில்லை, கண்ணுக்குத்தான். ஆசாரியிடம் தேதி சொல்லியாயிற்று, பழைய மரக்கடையில் இன்னொரு நிலைக்கட்டைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.